எல் போர்டு எங்கேருந்து வந்துச்சு?

பொண்ணுக்குப் பதினெட்டு முடிஞ்ச மூணாவது வாரமே எல்.எல்.ஆர். எடுத்தாச்சுங்க. கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து கேள்விக்கெல்லாம் டிக் அடிச்சு, பாஸ் ஆகி, பிரிண்ட் அவுட் எடுத்து, அதை லேமினேஷன் வேற பண்ணிட்டு வந்து நின்னா. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டுக்குக் கூட இவ்ளோ மரியாதை கிடைக்கலை.

வந்தவ சும்மா இருக்கக் கூடாதா?

"அப்பா, நீங்க எல்.எல்.ஆர். எடுத்தப்ப என்ன கேள்வி கேட்டாங்க?"

தங்கமணி அடுப்படிலேருந்து எட்டிப் பாத்தாங்க. எனக்குத் தொண்டை அடைச்சுது. "அதெல்லாம் அப்ப வேற மாதிரி கண்ணு"ன்னு சொல்லி நழுவிட்டேன். பதில் தெரியாம இல்லை. அதைக் கடைசில சொல்றேன்.

மறுநாள் காருக்கு ஒட்டறதுக்கு எல் ஸ்டிக்கர் வாங்கப் போனேன். கடைத் தம்பி "எந்த சைஸுங்ணா?"ன்னு கேட்டான். அதுக்கெல்லாமா சைஸ் இருக்கும்? வீட்டுக்கு வந்து தேடினா, நிஜமாவே இருக்கு. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, மூணாவது விதி. கத்துக்கிறவங்க ஓட்டுற வண்டிக்கு முன்னாடியும் பின்னாடியும் வெள்ளைல சிவப்பு எல் இருக்கணும். பலகை 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையக் கூடாது. எழுத்து 10 சென்டிமீட்டர் உயரம், அடியில 9 சென்டிமீட்டர் அகலம், 2 சென்டிமீட்டர் தடிமன்.

18 சரி, 10 சரி. அது என்ன 9? யாரோ ஸ்கேல் வெச்சு அளந்த மாதிரி? அந்த நூலைப் புடிச்சு இழுத்துக்கிட்டே போனேன். அது 1935-ம் வருஷத்து இங்கிலாந்துக்குக் கொண்டு போய், அங்கேருந்து இன்னும் பின்னாடி ஒரு சாவு வரைக்கும் இழுத்துட்டுப் போயிடுச்சு. அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

கார்னு ஒண்ணு ரோட்டுக்கு வந்தப்ப, அதை ஓட்டத் தெரிஞ்சவங்க உலகத்துல யாருமே கிடையாது. செஞ்சவரே கத்துக்குட்டிதான். ஜெர்மனியில மன்ஹைம்ங்கற ஊர்ல கார்ல் பென்ஸ் (ஆமாங்க, பென்ஸ் கார் பென்ஸேதான்) தன்னோட மூணு சக்கர வண்டியைத் தெருவுல ஓட்டிப் பாக்க, பாடன் அரசாங்கத்துக்கிட்ட எழுத்துல அனுமதி வாங்கினார். தேதி 1888 ஆகஸ்ட் 1. உலகத்தோட முதல் டிரைவிங் லைசென்ஸ்னு பொதுவா இதைத்தான் சொல்றாங்க. வெள்ளோட்டம் பாக்கறதுக்கு மட்டும்தான் அனுமதி. அதுவும் மன்ஹைமையும் அக்கம்பக்கத்து ஊர்களையும் தாண்டக் கூடாது.

யோசிச்சுப் பாத்தா இது லைசென்ஸே இல்லை, எல்.எல்.ஆர்.தான்! 'உனக்கு ஓட்டத் தெரியும்'னு யாரும் அவருக்குச் சான்று குடுக்கலை. 'இந்த எல்லைக்குள்ள ஓட்டிப் பாத்துக்கோ'ன்னு விட்டாங்க, அவ்வளவுதான்.

அந்த எல்லைய முதல்ல மீறினது யாருன்னு நினைக்கிறீங்க? அவர் வீட்டு அம்மாதான். அதே ஆகஸ்ட் மாசம் பெர்தா பென்ஸ், வீட்டுக்காரருக்குச் சொல்லாம, 15 வயசும் 13 வயசுமான ரெண்டு பசங்களைக் கூட்டிக்கிட்டு, ஃபோர்ட்ஸ்ஹைம்ல இருந்த அம்மா வீட்டுக்குக் கெளம்பிட்டாங்க. போக மட்டும் நூறு கிலோமீட்டருக்கு மேல. வழியில வீஸ்லோக்ங்கற ஊர் மருந்துக்கடையில எரிபொருள் வாங்கி ஊத்தினாங்க. எரிபொருள் குழாய் அடைச்சப்ப தொப்பி ஊசியால குத்தி எடுத்துவிட்டாங்க. அனுமதிச் சீட்டு யார் பேர்ல இருக்கு, எது வரைக்கும் போகலாம்னெல்லாம் பாக்கலை. ரங்கமணிகள் கவனிக்க :-)

சரி, மேட்டருக்கு வருவோம். சோதிச்சுப் பாத்துட்டுத்தான் ஓட்ட விடணும்னு முதல்ல தோணினது பாரிஸ்காரங்களுக்கு. 1893 ஆகஸ்ட் 14 தேதியிட்ட போலீஸ் உத்தரவுப்படி, பாரிஸ்ல மோட்டார் வண்டி ஓட்டறவர் திறமைச் சான்றிதழ் வாங்கியிருக்கணும். 1899-ல அது பிரான்ஸ் முழுக்க வந்துச்சு. பக்கத்துலயே இருந்த இங்கிலாந்துக்கு இது உறைக்கறதுக்கு இன்னொரு நாப்பது வருஷம் ஆச்சு.

இத்தனைக்கும் இங்கிலாந்து ஆரம்பத்துல ரொம்ப பயந்த நாடுங்க. 1865-ல போட்ட சட்டப்படி, தானா ஓடற வண்டி எதுவா இருந்தாலும் முன்னால ஒரு ஆள் சிவப்புக் கொடியைப் புடிச்சுக்கிட்டு நடக்கணும். வேகம் ஊருக்கு வெளில மணிக்கு 4 மைல், ஊருக்குள்ள 2 மைல். கொடி பின்னாடி போயிடுச்சு, ஆனா முன்னால நடக்கற ஆள் ரொம்ப நாள் இருந்தார். 1896 ஆகஸ்ட்டுல அந்த ஆளும் வேணாம், 14 மைல் வரைக்கும் போகலாம்னு புதுச் சட்டம் பாஸ் ஆச்சு. நவம்பர்லேருந்து அமல்.

அந்த ரெண்டுக்கும் நடுவுல, 1896 ஆகஸ்ட் 17. லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மைதானம். பிரிட்ஜெட் டிரிஸ்கால்ங்கற 44 வயசு அம்மா, டீன் ஏஜ் மகளைக் கூட்டிக்கிட்டு விழாவுக்கு வந்திருந்தாங்க. அங்க ஒரு கம்பெனி ஜனங்களை மோட்டார் வண்டியில ஏத்தி ரவுண்டு அடிச்சுக் காட்டிக்கிட்டு இருந்துச்சு. அந்த வண்டி அவங்க மேல மோதி, அங்கயே உயிர் போயிடுச்சு. பிரிட்டன்ல கார் மோதி நடந்து போனவர் செத்தது அதுதான் முதல் தடவை.

ஓட்டினவர் தான் மணிக்கு 4 மைல்லதான் வந்தேன்னு சொன்னார். நாம கொஞ்சம் வெரசா நடந்தாலே அந்த வேகம் வந்துரும். மணி அடிச்சேன், கத்தினேன்னும் சொன்னார். நாலுகால் பாய்ச்சல் குதிரை மாதிரி வந்துச்சுன்னு பாத்தவங்க சொன்னாங்க. ஆனா ஒரு விஷயம் விசாரணைல தெளிவா வந்துச்சு. அவர் வண்டி ஓட்ட ஆரம்பிச்சு மூணே மூணு வாரம்தான் ஆகியிருந்துச்சு. ரோட்டுல எந்தப் பக்கம் ஒதுங்கிப் போகணும்னு கூட அவருக்கு யாரும் சொல்லிக் குடுக்கலை. லைசென்ஸ்னு ஒண்ணு அப்ப கிடையவே கிடையாது. சுமார் ஆறு மணி நேர விசாரணைக்கு அப்புறம் ஜூரிகள் 'விபத்து'ன்னு தீர்ப்பு சொன்னாங்க. இந்த மாதிரி இனிமே ஒருக்காலும் நடக்காதுன்னு நம்புறேன்னு விசாரணை அதிகாரி சொன்னாராம்.

மூணு வாரம். இந்த எண்ணை ஞாபகம் வெச்சுக்கங்க, திரும்ப வருவேன்.

லைசென்ஸ் அங்க வந்தது 1903 சட்டத்துல. 1904 ஜனவரி 1-லேருந்து அமல். 17 வயசு ஆயிருக்கணும், அஞ்சு ஷில்லிங் கட்டணும். டெஸ்ட்? அதெல்லாம் இல்லை. ஓட்டத் தெரியுமான்னு கூட யாரும் கேக்க மாட்டாங்க. ஓட்டுறது யாருன்னு அடையாளம் தெரியணும், தப்பு பண்ணினா புடிக்கணும். அதுக்கு ஒரு சீட்டு, அவ்வளவுதான். லைசென்ஸுக்கும் திறமைக்கும் சம்பந்தமே இல்லாம இங்கிலாந்து முப்பது வருஷம் ஓட்டியிருக்கு. (நம்ம ஊர்ல இப்பவும் சில பேரு அப்படித்தான்னு நீங்க முணுமுணுக்கறது கேக்குது.)

பலன்? 1934-ல மட்டும் பிரிட்டன் ரோடுகள்ல செத்தவங்க 7,343 பேர். காயம்பட்டவங்க ரெண்டு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல. இத்தனைக்கும் அப்ப மொத்த வண்டிங்க சுமார் 24 லட்சம்தான். இப்ப அங்க அதைப் போல பல மடங்கு வண்டி ஓடுது, ஆனா 2023-ல செத்தவங்க 1,624 பேர். வண்டி பெருகினாலே சாவும் பெருகியே தீரும்னு ஒண்ணும் இல்லைங்கறதுக்கு இதுக்கு மேல சாட்சி வேணுமா?

1934-ல சட்டம் வந்துச்சு. 1935 மார்ச்சுல விருப்பப்பட்டவங்களுக்கு டெஸ்ட், ஜூன் 1-லேருந்து கட்டாயம். 1934 ஏப்ரல் 1-க்கு அப்புறம் ஓட்ட ஆரம்பிச்சவங்க எல்லாரும் டெஸ்ட்ல பாஸ் ஆகணும். அதுக்கு முன்னாடி ஆரம்பிச்சவங்க தப்பிச்சாங்க. ஃபீஸ் ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ். (இது வேற பென்ஸ், காசு!) டெஸ்ட் எடுக்கன்னு தனி ஆபீஸ் கூட இல்லை. ரயில்வே ஸ்டேஷன் வாசல், பார்க் வாசல்னு ஒரு எடம் சொல்லி அங்க அதிகாரி வந்து நிப்பார். அரை மணி நேர டெஸ்ட், ஒரு நாளைக்கு ஒம்பதுலேருந்து பதினாறு வரைக்கும். நூத்துக்கு 63 பேர் பாஸ். அப்ப போக்குவரத்து மந்திரியா இருந்தவர் லெஸ்லி ஹோர் பெலிஷா. ஜனங்க ரோட்டைக் கடக்கற எடத்துல மஞ்ச உருண்டை விளக்குக் கம்பம் நட்டவரும் அவர்தான். அந்தக் கம்பத்துக்கு அங்க இன்னிக்கும் அவர் பேருதான்.

டெஸ்ட் வந்த உடனே ஒரு சிக்கல் வந்துச்சு பாருங்க. டெஸ்ட் பாஸ் பண்ணினாத்தான் ரோட்டுல ஓட்டலாம். ரோட்டுல ஓட்டாம டெஸ்டுக்கு எப்படித் தயாராகறது? நீச்சல் தெரிஞ்சாத்தான் கெணத்துல எறங்கலாம்னா, கெணத்துல எறங்காம எங்கேருந்து நீச்சல் கத்துக்கறது?

எங்க ஊர்ப் பக்கம் இதுக்கு வழி வெச்சிருந்தாங்க. இடுப்புல சுரைக்குடுக்கையைக் கட்டி, மேல ஒரு ஆளு கயித்தைப் புடிச்சுக்கிட்டு, பையனைத் தூக்கிக் கெணத்துல போடுவாங்க. தண்ணி குடிப்பான், அலறுவான், ஆனா சாக மாட்டான். நாலஞ்சு நாள் கழிச்சு குடுக்கையை அவுத்துருவாங்க.

எல் போர்டு அந்தச் சுரைக்குடுக்கைதாங்க. அதுக்கு முன்னாடி சட்டத்துக்கு ரெண்டே ஜாதிதான் தெரியும்: ஓட்டறவன், ஓட்டாதவன். 1935-ல மூணாவதா ஒரு ஆளை சட்டம் ஒத்துக்கிச்சு. 'இவனுக்குத் தெரியாது. ஆனாலும் ரோட்டுக்கு வரலாம். வந்தாத்தான் கத்துப்பான்.' அதுக்கு விலையா ரெண்டு விஷயம் கேட்டுச்சு. பக்கத்துல தெரிஞ்ச ஆள் உக்காரணும். 'எனக்குத் தெரியாது'ன்னு முன்னாடியும் பின்னாடியும் சிவப்புல எழுதி ஒட்டிக்கணும். 1865-ல வண்டிக்கு முன்னால நடந்தவரு, எழுவது வருஷம் கழிச்சு வண்டிக்குள்ள ஏறி பக்கத்து சீட்ல உக்காந்துட்டாருன்னு வெச்சுக்கங்களேன்.

இடையில ஒரு கூத்து. 1956-ல சூயஸ் கால்வாய்த் தகராறு. பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. டெஸ்ட் எடுக்கற அதிகாரிங்களை ரேஷன் வேலைக்கு அனுப்பிட்டு, நவம்பர்லேருந்து மறு வருஷம் ஏப்ரல் வரைக்கும் டெஸ்டையே நிறுத்திட்டாங்க. அந்த மாசங்கள்ல எல் போர்டுக்காரங்க பக்கத்துல ஆள் இல்லாமலே தனியா ஓட்டலாம்னும் விட்டுட்டாங்க. கயித்துக்காரர் வேற வேலையாப் போயிட்டார், பையன் மட்டும் கெணத்துல!

இப்ப நம்ம 9 சென்டிமீட்டருக்கு வருவோம். பிரிட்டிஷ் எல் போர்டு 7 அங்குலச் சதுரம். எழுத்து 4 அங்குல உயரம், மூணரை அங்குல அகலம். கால்குலேட்டரை எடுங்க. 7 அங்குலம்னா 17.78 சென்டிமீட்டர். 4 அங்குலம் 10.16. மூணரை அங்குலம் 8.89. முழு எண்ணா மாத்தினா 18, 10, 9! வெள்ளைக்காரன் போயும் அவன் அங்குலம் நம்ம ஸ்டிக்கர் கடையில ஒக்காந்திருக்கு. தடிமன் மட்டும் ஒத்து வரலை. அங்க ஒன்றரை அங்குலம், இங்க 2 சென்டிமீட்டர். நம்ம எல் கொஞ்சம் ஒல்லி :-)

நம்ம நாட்டுல மோட்டார் சட்டம் முதல்ல மாகாணம் மாகாணமாத்தான் வந்துச்சு. வங்காளம் 1903, பம்பாய் 1904, சென்னை மாகாணம் 1907. நாடு முழுக்க ஒரே சட்டம் 1914-ல. அப்புறம் 1939-ல விரிவான சட்டம். கத்துக்கிறவங்களுக்குன்னு விதிவிலக்கு, ஓட்டிக் காட்டற டெஸ்ட் எல்லாம் அதுல இருந்துச்சு. இப்ப இருக்கறது 1988 சட்டம், 1989 ஜூலை 1-லேருந்து அமல். பழகுநர் உரிமத்துக்கு அதுல எட்டாவது பிரிவுன்னு தனி எடமே குடுத்திருக்காங்க. (அந்தச் சட்டத்தைப் புரட்டினா எல்.எல்.ஆர்.ங்கற மூணெழுத்தே கிடையாது. சட்டம் சொல்றது லேர்னர்ஸ் லைசென்ஸ். எல்.எல்.ஆர். நம்ம வாயில வளர்ந்தது.)

அந்த விதிகள்ல பதினொண்ணாவது விதியைப் படிச்சப்பத்தான் எனக்குச் சுருக்குன்னுச்சு. எல்.எல்.ஆர். குடுக்கறதுக்கு முன்னாடி ஒருத்தருக்கு என்னென்ன தெரிஞ்சிருக்கணும்னு அதுல நாலு விஷயம் இருக்கு. சாலைக் குறியீடும் விதியும். கேட் கீப்பர் இல்லாத ரயில்வே கேட்டைத் தாண்டற முறை. கையில இருக்க வேண்டிய காகிதங்கள். நாலாவது, உன் வண்டியால ஒருத்தருக்குக் காயமோ சாவோ ஏற்பட்டா உன் கடமை என்ன?

ஸ்டியரிங்கைத் தொடறதுக்கு முன்னாடியே சட்டம் அதைக் கேட்டுருது. நீ யாரையாவது இடிக்கலாம், இடிச்சா என்ன பண்ணுவே? என் பொண்ணு அதுக்குச் சரியான விடை டிக் அடிச்சிருக்கா. அடிபட்டவருக்கு வைத்தியத்துக்கு ஏற்பாடு பண்ணணும், போலீஸுக்குத் தகவல் சொல்லணும்.

என்கிட்ட அந்தக் கேள்வியை யாரும் கேக்கலை.

இப்ப கொசுவத்தி சுத்தறேன். 1997. எனக்கு இருபத்திரெண்டு வயசு. ஒரு டிரைவிங் ஸ்கூல்ல சேந்தேன். மாருதி 800. பிரேக்கும் கிளச்சும் மாஸ்டர் பக்கமும் ஒரு செட் இருந்துச்சு, அதை அவரே மிதிச்சுக்கிட்டார். நான் ஸ்டியரிங்கைப் புடிச்சுக்கிட்டு ஓட்டறதா நினைச்சுக்கிட்டு இருந்தேன். எல்.எல்.ஆருக்கு ஒரு புரோக்கர். "நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க தம்பி, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்"னார். பாத்துக்கிட்டார். டெஸ்ட் அன்னிக்கு நூறு கஜம் ஓட்டினேன், எறங்குன்னாங்க. லைசென்ஸ் வந்துருச்சு. காசு குடுத்ததைச் சாமர்த்தியம்னு நினைச்ச வயசு.

லைசென்ஸ் வந்து மூணாவது வாரம், நண்பனோட ஃபியட்டை வாங்கி வடவள்ளிப் பக்கம் ஓட்டிக்கிட்டுப் போனேன். அவன் பக்கத்துல உக்காந்திருந்தான். இடது பக்கம் திரும்பணும். கண்ணாடியைப் பாக்கலை. திரும்பினேன். டொப்புன்னு ஒரு சத்தம். எளநிக் கொலை கட்டின சைக்கிளோட ஒரு பெரியவர் கீழ கெடந்தார். எளநியெல்லாம் ரோட்ல உருளுது. பதினஞ்சு கிலோமீட்டர் வேகம் கூட இருக்காதுங்க.

நண்பன் குதிச்சு எறங்கிட்டான். டீக்கடைக்காரங்க ஓடி வந்து தூக்கினாங்க. நான் எறங்கலை. ரெண்டு கையாலயும் ஸ்டியரிங்கைப் புடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தேன். எறங்கணும்னே தோணலை. எவ்வளவு நேரம்னு தெரியலை. யாரோ கதவைத் தொறந்து என்னை வெளிய இழுத்தாங்க.

மணிக்கட்டு எலும்பு முறிஞ்சிருந்துச்சு. ஆஸ்பத்திரிச் செலவு குடுத்தோம். போலீஸ் வேண்டாம்னு அவரே சொல்லிட்டார். மாவுக்கட்டு போட்டுக்கிட்டு பெஞ்சுல உக்காந்திருந்தவர் என்னை நிமிந்து பாத்துக் கேட்ட ஒரே கேள்வி, "வண்டிக்குப் புதுசுங்களா தம்பி?"

தலையாட்டினேன். "அதான்"னார். வேற எதுவும் சொல்லலை.

எனக்கு அன்னிக்குப் பெரிய மனுஷனோட பெருந்தன்மை மட்டும்தான் தெரிஞ்சுது. இந்த எல் போர்டு சரித்திரத்தைப் படிச்சப்பறம்தான் அந்தக் கேள்வி வேற மாதிரி கேக்குது. அந்தக் கேள்விக்கு அவருக்கு முன்னாடியே பதில் கிடைச்சிருக்கணும். என் வண்டிக்குப் பின்னாடி, சிவப்புல. அவர் ஒதுங்கிப் போறதுக்காக. லைசென்ஸ்ல சட்டப்படி நான் டிரைவர். நிஜத்துல கிரிஸ்டல் பேலஸ்ல மணி அடிச்சுக்கிட்டு வந்த அந்த மூணு வார ஆளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவருக்குச் சொல்லிக் குடுக்க அப்ப சட்டம் இல்லை. எனக்குச் சட்டம் இருந்துச்சு, நான் காசு குடுத்து அதைத் தாண்டிக்கிட்டேன். வித்தியாசம் இருக்கு, ஆனா அது எனக்குச் சாதகமா இல்லை.

2022-ல நம்ம நாட்டு ரோடுகள்ல செத்தவங்க 1,68,491 பேர். இதுல எத்தனை பேருக்கு முன்னாடி என்னை மாதிரி ஒருத்தன் ஸ்டியரிங்கைப் புடிச்சுக்கிட்டு உறைஞ்சு போய் உக்காந்திருந்தான்னு எந்தக் கணக்குலயும் வராது.

ராத்திரி சாப்பிட்டதும் பொண்ணைக் கூப்பிட்டு எல்லாத்தையும் சொன்னேன். தங்கமணிக்கே புதுச் செய்தி. பொண்ணு எதுவும் திட்டலை. கொஞ்ச நேரம் கழிச்சு, "அந்தத் தாத்தா அப்பறம் சைக்கிள் ஓட்டினாராப்பா?"ன்னு கேட்டா.

"தெரியலை கண்ணு. நான் போய்ப் பாக்கலை."

அதுக்கு மேல பேச்சு ஓடலை.

ஞாயித்துக்கெழமை காலைல ஸ்கேல் எடுத்து அளந்து, முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு ஒட்டினோம். 18 சென்டிமீட்டர், கரெக்டா. நான் இடது பக்கம் உக்காந்தேன், கை ஹேண்ட் பிரேக் மேல. முதல் வளைவுல அவ கண்ணாடியைப் பாத்தா. ரெண்டு தடவை பாத்தா. பின்னாடி வந்த டவுன் பஸ்காரர் ஒரு தடவை கூட ஹாரன் அடிக்காம, ஒதுங்கித் தாண்டிப் போனார். எல்லைப் பாத்துட்டார் போல.

நீங்கல்லாம் எல்.எல்.ஆர். எப்படி எடுத்தீங்க மக்களே? உண்மையைச் சொல்லுங்க. நான் சொல்லிட்டேன்.

பி.கு: எல்.எல்.ஆர். கையில இருந்தா தனியா ஓட்டலாம்னு நிறைய பேரு நினைச்சுக்கிட்டிருக்காங்க. கிடையாதுங்க. லைசென்ஸ் வெச்சிருக்கற ஒருத்தர், வண்டியை நிறுத்தக் கூடிய மாதிரி பக்கத்துல உக்காந்திருக்கணும். எல்.எல்.ஆர். ஆறு மாசம் செல்லும், 30 நாள் முடிஞ்சப்பறம்தான் டெஸ்டுக்குப் போக முடியும். அந்த முப்பது நாளை யாருக்கும் காசு குடுத்துத் தாண்டாதீங்க.